கிளென்கொலம்கில்: அயர்லாந்தின் ஒரு மூலைப் பங்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்துக் கிராமங்களைப் பற்றிப் பேசும்போது 'பங்கு' (ஆங்கிலத்தில் parish, ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் வரும் ஊர்களின் எல்லை) என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். தேவாலயம், பள்ளிக்கூடம், கால்பந்து அணி, கல்லறைத் தோட்டம், கூட்டுறவுச் சங்கம் எல்லாம் அந்த ஓர் எல்லைக்குள் அடங்கிவிடும். அது எப்படி நடக்கிறது என்பதைப் பொதுவாகச் சொன்னால் பிடிபடாது. அதனால் டோனகல் மாவட்டத்தின் கிளென்கொலம்கில் என்ற ஒரே ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

கிளென்கொலம்கில் எங்கே இருக்கிறது?

அயர்லாந்தின் வடமேற்கில் உள்ள டோனகல் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், அட்லாண்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்துண்டில் இருக்கிறது. டோனகல் பழைய அல்ஸ்டர் மாகாணத்தைச் சேர்ந்தது. ஆனாலும் பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்தில் இல்லை. அயர்லாந்துக் குடியரசில் இருக்கிறது. கேஷல், மாலின் மோர், மாலின் பெக், காரிக், டீலின் ஆகிய ஊர்கள் இந்தப் பங்கின் பழைய எல்லைக்குள் வருகின்றன. ஊர் என்று சொன்னாலும், நம் கண்ணுக்கு அவை சரிவுகளில் சிதறிக் கிடக்கும் வீடுகள்தான். தெற்கே 601 மீட்டர் உயரத்துக்கு ஸ்லீவ் லீக் மலை கடலிலிருந்து எழுந்து நிற்கிறது. ஐரோப்பாவின் மிக உயரமான கடற்பாறைச் சரிவுகளில் அது ஒன்று.

ஓர் எச்சரிக்கை. அயர்லாந்தின் வடகோடி முனையான மாலின் ஹெட் டோனகலின் இன்னொரு மூலையில் இருக்கிறது. இங்குள்ள மாலின் மோருக்கும் மாலின் பெக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெயரை மட்டும் பார்த்து வரைபடத்தில் வழி தேடினால் பல மணி நேரம் வீணாகும்.

பங்கு என்பது தேவாலயத்தின் எல்லை மட்டும்தானா?

அயர்லாந்தில் ஒரே இடத்தின் மேல் மூன்று வகைப் பங்கு எல்லைகள் கிடக்கின்றன. நில அளவைக்கும் வரி வசூலுக்கும் பயன்பட்ட குடிமைப் பங்குகள் நாடு முழுவதும் சுமார் 2,500. கத்தோலிக்கப் பங்குகள் வேறு. அயர்லாந்துத் திருச்சபை என்னும் புராட்டஸ்டண்ட் சபையின் பங்குகள் வேறு. மூன்றும் சில இடங்களில் ஒத்துப்போகும், சில இடங்களில் போகாது. பரம்பரையைத் தேடுகிறவர்கள் முதலில் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான்.

பங்குக்குள் 'டவுன்லேண்ட்' என்னும் சிறு நிலப் பிரிவுகள் உண்டு. நாடு முழுவதும் அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. பலவற்றில் ஐந்தாறு வீடுகள்தான். சிலவற்றில் ஆளே கிடையாது. கிராமப்புற வீடுகளுக்குக் கதவு எண் வழக்கமில்லை. பெயர், டவுன்லேண்ட், பக்கத்து ஊர், மாவட்டம் – அவ்வளவுதான் முகவரி. நாடு தழுவிய அஞ்சல் குறியீடே 2015-இல்தான் வந்தது. ஒரே டவுன்லேண்டில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் யாருக்கு எந்தக் கடிதம் என்று தபால்காரர்தான் அறிவார்.

நடைமுறையில் மக்கள் மனத்தில் இருப்பது கத்தோலிக்கப் பங்குதான். எந்தக் கல்லறைத் தோட்டத்தில் தாத்தா கிடக்கிறார், எந்தச் சட்டை போட்டுப் பையன் பந்து விளையாடுகிறான் என்பதை அந்த எல்லை முடிவு செய்கிறது.

ஊருக்குப் பெயர் தந்த புனிதர் இங்கே வந்தாரா?

கொலம் கில்லெ, லத்தீனில் கொலும்பா, பேட்ரிக்கோடும் பிரிஜித்தோடும் அயர்லாந்தின் மூன்று காவல் புனிதர்களில் ஒருவர். 521-இல் டோனகலின் கார்ட்டனில் பிறந்தார் என்பது மரபு. 563-இல் கடல் கடந்து ஸ்காட்லாந்தின் அயோனா தீவில் மடம் அமைத்தார். 597-இல் அங்கேயே மறைந்தார். இந்தப் பள்ளத்தாக்கில் அவர் கால் வைத்ததற்கு உறுதியான சான்று இல்லை. இங்குள்ள சிலுவைக் கற்களும் அவர் காலத்துக்குப் பிற்பட்டவை.

கதைக்குக் குறைவில்லை. டோனகல் பிரபு மானஸ் ஓ'டானல் 1532-இல் தொகுத்த புனிதரின் வரலாற்றில், பேட்ரிக் விரட்டிய பேய்கள் இந்தப் பள்ளத்தாக்கில் வந்து பனிமூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டன என்றும், கொலம் கில்லெ வந்து அவற்றைக் கடலுக்குள் துரத்தினார் என்றும் வருகிறது. அந்தக் கடற்கரையில் மூட்டம் இறங்கும்போது பார்த்தவர்களுக்கு, கதையைக் கட்டியவர் உள்ளூர் வானிலை தெரிந்தவர் என்பது புரியும்.

'துராஸ்' என்பது என்ன?

ஜூன் 9, கொலம் கில்லெயின் திருநாள். அன்று பள்ளத்தாக்கைச் சுற்றி நடக்கும் வேண்டுதல் நடைக்கு இங்கே துராஸ் என்று பெயர். சுமார் 5 கிலோமீட்டர், 15 நிலைகள். மரபுப்படி நள்ளிரவில் தொடங்கி, வெறுங்காலோடு, விடிவதற்குள் முடிக்க வேண்டும். அந்த மாதத்தில் அங்கே இருட்டு முழுதாக இறங்குவதே இல்லை. வடக்கு வானத்தில் வெளிச்சம் கரையாமல் நிற்கும். காலடியில் இருப்பதோ சேறு, நாணல், ஆட்டுப் புழுக்கை, கூர்மையான சரளை.

ஒவ்வொரு நிலையிலும் ஒரு கல்லோ கற்குவியலோ இருக்கும். சூரியன் போகும் திசையில் அதை வலம் வந்து, இத்தனை பரலோக மந்திரம், இத்தனை அருள் நிறை மந்திரம் என்று கணக்காகச் சொல்ல வேண்டும். சில நிலைகளில் ஓராள் உயரத்துக்கு மேலான கற்பலகைகள் நிற்கின்றன. அவற்றில் செதுக்கிய கோலம் போன்ற சிலுவைக் கோடுகளைப் பாசி பாதி மூடியிருக்கிறது. ஒரு கல்லின் மேற்பகுதியில் துளை உண்டு. பாவமில்லாதவர் அதன் வழியே பார்த்தால் மோட்சம் தெரியும் என்பார்கள். எல்லோரும் பார்க்கிறார்கள், என்ன தெரிந்தது என்று யாரும் சொல்வதில்லை. மலைச்சரிவில் புனிதரின் கிணறு இருக்கிறது. அங்கே ஏறும்போது கீழிருந்து மூன்று கற்களை எடுத்துப் போய்க் குவியலில் போடுவது வழக்கம். கிணற்றைச் சுற்றிக் கிடக்கும் அந்தப் பெரிய கற்குவியல், தலைமுறை தலைமுறையாக வந்து போனவர்களின் கை பட்டது.

இது பாதிரியார்கள் முன்னின்று நடத்தும் பவனியாக வளர்ந்ததன்று. எந்தக் கல்லுக்கு என்ன செபம் என்பது வீட்டுப் பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளுக்குப் போன அறிவு.

கொலம் கில்லெக்கு முன்பு இங்கே யார் இருந்தார்கள்?

ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உழவர்கள் இருந்தார்கள். மாலின் மோரில் 'குளோஹன்மோர்' என்னும் பெருங்கற்காலக் கல்லறை இருக்கிறது: நடுவில் முற்றம், அதன் மேற்குப் பக்கம் அறைகள். சற்றுத் தள்ளி, மேலே பெரும் பலகைக்கல் வைத்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. துராஸின் முதல் நிலையே இப்படிப்பட்ட பழைய கல்லறை ஒன்றின் இடத்தில்தான் இருக்கிறது. புதிய சமயம் பழைய புனித இடத்தை விட்டுவிடவில்லை.

பெரும்பான்மைக் கத்தோலிக்கர்களின் ஊரில் பழைய தேவாலயம் ஏன் புராட்டஸ்டண்ட் சபையிடம் இருக்கிறது?

17-ஆம் நூற்றாண்டுப் போர்களுக்குப் பிறகு நிலமும் அதிகாரமும் புராட்டஸ்டண்டுகளிடம் போயின. அரசு ஏற்ற சபை அயர்லாந்துத் திருச்சபைதான். தண்டனைச் சட்டங்கள் எனப்பட்டவை கத்தோலிக்கர்கள் நிலம் வாங்குவதையும், பதவி வகிப்பதையும், பள்ளி நடத்துவதையும் ஒடுக்கின. திருப்பலி திறந்தவெளிப் பாறைகளின் மேல் நடந்தது. டோனகல் மலைகளில் 'பூசைப் பாறை' என்று இன்றும் காட்டுகிறார்கள். கிளெனில் (கிளென்கொலம்கில்லைச் சுருக்கி இப்படிச் சொல்வார்கள்) இப்போது நிற்கும் அயர்லாந்துத் திருச்சபைக் கோயில் 1828-இல் கட்டப்பட்டது. கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத்தில் உட்காரும் உரிமை பெற்றது அதற்கு அடுத்த ஆண்டு. அதுவரை, அதற்குப் பின்னும் சில ஆண்டுகள், தாங்கள் போகாத கோயிலுக்குக் கத்தோலிக்க விவசாயிகள் விளைச்சலில் ஒரு பகுதியை வரியாகக் கட்டினார்கள்.

1831-இல் தேசியப் பள்ளித் திட்டம் வந்தபோது, பல ஊர்களில் பள்ளி மேலாளர் பொறுப்பு பங்குத்தந்தையின் கைக்கு வந்தது. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆசிரியரை நியமிப்பது யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், ஊரில் யார் சொல்லுக்கு எடை என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது. அடுத்த நூறு ஆண்டு பங்குத்தந்தையின் செல்வாக்குக்கு அடிப்படை அங்கே போடப்பட்டது.

பெரும் பஞ்சம் இந்தப் பகுதியை எப்படித் தாக்கியது?

1845-இல் உருளைக்கிழங்கில் கருகல் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நாடு முழுவதும் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதற்கும் கூடுதலானோர் கப்பலேறினார்கள். 1841-இல் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1851-இல் சுமார் 65 லட்சமாகச் சுருங்கியது. மேற்குக் கடற்கரையில் ஏழைகள் உருளைக்கிழங்கை மட்டுமே நம்பியிருந்தார்கள். கடலில் மீன் இருந்ததே என்று கேட்பார்கள். அட்லாண்டிக் அலையைத் தாங்கும் படகும் வலையும் துறையும் இருந்தவர்களுக்குத்தான் அந்த மீன்.

பஞ்சம் முடிந்த பின்னும் வெளியேற்றம் முடியவில்லை. டோனகல் ஆட்கள் கோடையில் உருளைக்கிழங்கு அறுவடைக்கு ஸ்காட்லாந்து போனார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைக் கூலிச் சந்தையில் நிறுத்தி, ஆறு மாத ஒப்பந்தத்தில் கிழக்குப் பகுதிப் பண்ணைகளுக்கு அனுப்பினார்கள். 1891-இல் அரசு 'நெருக்கடி மாவட்டங்கள் வாரியம்' என்று ஒன்றை அமைத்தது. அது படகுத்துறைகள் கட்டியது, நெசவையும் பின்னலையும் ஊக்குவித்தது. டோனகல் ட்வீட் என்னும் கம்பளித் துணி உலகச் சந்தைக்குப் போனதில் அந்த வாரியத்துக்குப் பங்குண்டு. ஆனாலும் பாஸ்டன், நியூயார்க், கிளாஸ்கோ டிக்கெட்டுகள் நிற்கவில்லை. வடக்கே இருக்கும் போர்ட் என்ற கடலோரக் குடியிருப்பில் இன்று ஆளில்லாத சுவர்கள்தான் எஞ்சியிருக்கின்றன.

ஜேம்ஸ் மெக்டயர் யார்? ஏன் எல்லோரும் அவர் பெயரைச் சொல்கிறார்கள்?

டோனகலின் கிளென்டீஸ் பகுதியில் 1910-இல் பிறந்த பாதிரியார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் பணியாற்றினார். பிழைக்கப் போன அயர்லாந்துக்காரர்களின் வாழ்க்கையை அங்கே நேரில் பார்த்தார். பிறகு டோரி தீவு. 1951-இல் உதவிப் பங்குத்தந்தையாகக் கிளெனுக்கு வந்தார். அப்போது பள்ளத்தாக்கில் மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, தார்ச்சாலை இல்லை, தொழிற்சாலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பள்ளி முடித்த பிள்ளைகள் அப்படியே பெட்டியைக் கட்டினார்கள்.

முதலில் அவர் எடுத்துக்கொண்டது ஆலைத் திட்டத்தை அன்று, ஊர் மண்டபத்தை. ஆட்டமும் நாடகமும் கூட்டமும் நடத்த ஓர் இடம். ஊரார் கூலியில்லாமல் வேலை செய்து அதைக் கட்டினார்கள். இந்த வரிசையில் ஒரு கணக்கு இருக்கிறது. இனி இந்த ஊர் தேறாது என்று முடிவுகட்டிய மக்களிடம் பங்குத்தொகை கேட்டால் கிடைக்காது. ஒன்றைச் சேர்ந்து கட்டிப் பார்த்தவர்களிடம் கேட்கலாம். மண்டபத்துக்குப் பிறகு மின்சாரம், தண்ணீர், சாலை என்று டப்ளின் அலுவலகங்களின் கதவைத் தட்டத் தொடங்கினார்.

1960-களில் கூட்டுறவு முயற்சிகள் வந்தன: காய்கறி பயிரிட்டுப் பதப்படுத்தும் ஆலை, கைப்பின்னல், நெசவு, ஓலைக்கூரைச் சுற்றுலா வீடுகள். 'மேற்கைக் காப்போம்' இயக்கத்தில் அவர் முன்னணியில் நின்றார். அங்கே அவரோடு மேடை ஏறியவர் பெடர் ஓ'டானல் – டோனகல்காரர், எழுத்தாளர், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஐ.ஆர்.ஏ. படையின் பழைய போராளி, ஊரறிந்த இடதுசாரி. ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும் அவரும் கைகோத்ததைப் பார்த்து இரு பக்கமும் முகம் சுளித்தவர்கள் உண்டு. மெக்டயர் தன்னைச் சோஷலிசத்துக்கு நெருக்கமானவர் என்று சொல்லிக்கொள்ளத் தயங்கியதில்லை. நிலங்களை ஒன்று சேர்த்துப் பொதுப் பண்ணையாக உழ வேண்டும் என்றும் யோசனை சொன்னார். 1987-இல் காலமானார்.

அவருடைய திட்டங்கள் வெற்றி பெற்றனவா?

சில பெற்றன, சில கவிழ்ந்தன. பொதுப் பண்ணை யோசனை நிறைவேறவில்லை. நிலச் சட்டங்களின் புண்ணியத்தில் அப்போதுதான் இரண்டு தலைமுறையாகச் சொந்த நிலம் என்று ஒன்றைக் கண்ட குடும்பங்கள் அவை. வேலியைப் பிடுங்கச் சொன்னால் யோசிக்கத்தான் செய்வார்கள். காய்கறி ஆலையும் நெடுநாள் நிற்கவில்லை. அட்லாண்டிக் காற்றும் கரி மண்ணும் காய்கறிக்கு ஏற்றவை அல்ல. ஆலை இருந்த இடம் பின்னாளில் மீன் பதப்படுத்தலுக்கு மாறியது.

அவரைத் தனி மனிதராக நின்று ஊரைக் காப்பாற்றிய வீரராக எழுதும் கட்டுரைகள் ஏராளம். அப்படி எழுதுவது பின்னல் ஊசியோடு இரவெல்லாம் உட்கார்ந்த பெண்களையும், சம்பளமில்லாமல் கல் சுமந்த ஆண்களையும் மறைத்துவிடுகிறது. குடிபெயர்வை அவரால் நிறுத்த முடியவில்லை. ஆனால் ஒரு குழுவைக் கூட்டி, கணக்கு எழுதி, அரசிடம் மனுப்போட்டு, கிடைத்த பணத்தைச் செலவழித்துக் காட்டும் பழக்கம் ஊரில் தங்கிவிட்டது. அவர் போன பிறகு வந்த அமைப்புகளை நடத்தியவர்கள் பாதிரியார்கள் அல்லர் என்பதை வைத்தே அவர் செய்த வேலையை எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன்.

நாட்டுப்புறக் கிராமம் என்று சுற்றுலாக்காரர்கள் பார்ப்பது என்ன?

1967-இல் கடற்கரைக்கு எதிரே ஊரார் கட்டித் திறந்த வீடுகள். 18, 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் அந்தப் பகுதி மக்கள் எப்படிப்பட்ட வீட்டில் இருந்தார்கள் என்பதை ஒவ்வொன்றும் காட்டுகிறது. தட்டுமுட்டுச் சாமான்களும் அந்தந்தக் காலத்தவை. நுழைந்ததும் கூரையைப் பாருங்கள். ஓலை வேய்ந்த கூரையின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, சுவரின் மேல் விளிம்பில் துருத்தி நிற்கும் கல் முளைகளில் இறுக்கியிருப்பார்கள். அட்லாண்டிக் புயலில் கூரை பறக்காமல் இருக்க அதுதான் வழி. உள்ளே அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் கட்டில் அளவுக்கு ஒரு மாடம் இருக்கும். வீட்டின் முதியவர்கள் படுக்கும் இடம். கணப்பு கிடைக்கும், அடுக்களைப் பேச்சும் காதில் விழும்.

மக்கள் இன்னும் ஐரிஷ் மொழி பேசுகிறார்களா?

பேசுகிறார்கள், ஆனால் எல்லா வீட்டிலும் இல்லை. இது அரசு ஏற்ற ஐரிஷ் மொழிப் பகுதி. சாலைப் பலகைகள் ஐரிஷில் இருக்கும். டீலின் பக்கத்துப் பெரியவர்கள் பேசும் டோனகல் வழக்குக்கு மொழியறிஞர்களிடம் தனி மதிப்பு. டீலினில் 1913-இல் பிறந்த ஷான் ஓ ஹோஹி 1935 முதல் ஐரிஷ் நாட்டாரியல் ஆணையத்தின் முழுநேரச் சேகரிப்பாளராக இருந்தார். மீனவரின் மகன் அவர். வீடு வீடாகப் போய் ஆயிரக்கணக்கான பக்கங்கள் கதை எழுதிச் சேர்த்தார்.

1984-இல் லியாம் ஓ குனெகானும் ஷோசவ் வாட்சனும் 'இஜஸ் கேல்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெரியவர்களுக்கான ஐரிஷ் வகுப்புகள், கூடவே நடனம், மலையேற்றம், நெசவு. நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த மேரி மெக்காலீஸ் இங்கே ஐரிஷ் படித்தவர். கற்க வருகிறவர்கள் ஊர் வீடுகளில் தங்குகிறார்கள், ஊர்க் கடைகளில் வாங்குகிறார்கள். மொழியைக் காப்பாற்றுவது பிழைப்பாகவும் ஆக முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம். அதே சமயம், ஜெர்மானியர் ஒருவர் கடைக்காரரிடம் ஐரிஷில் பேச, கடைக்காரரின் பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்வது போன்ற வேடிக்கைகளும் நடக்காமல் இல்லை.

இசை?

பிடில்தான். டோனகல் பாணி வேகமானது, வில் துண்டு துண்டாக வெட்டும், அலங்காரம் குறைவு. ஸ்காட்லாந்து போய் வந்தவர்களோடு வந்த மெட்டுகள் இதில் நிறைய. கிளென்காரரான ஜேம்ஸ் பர்ன் (1946–2008) இந்த மரபின் பெரிய பெயர்களில் ஒன்று. ஆகஸ்டில் பிடில் வாரம் நடக்கும். பகலில் வகுப்பு, இரவில் மதுக்கடைகளில் கச்சேரி.

கால்பந்துக்கும் பங்குக்கும் என்ன தொடர்பு?

1884-இல் தர்ல்ஸ் நகரில் தொடங்கிய கேலிக் தடகளச் சங்கம், பங்கு எல்லையை அடிப்படையாகக் கொண்டு கிளப்புகளை அமைத்தது. பிறந்து வளர்ந்த பங்குக்குத்தான் விளையாட வேண்டும். நல்ல அணி பக்கத்தில் இருக்கிறது என்று தாவ முடியாது. கேலிக் கால்பந்தில் பக்கத்துக்கு 15 பேர், பந்தைக் கையாலும் எடுக்கலாம். அகில அயர்லாந்து இறுதிப் போட்டி வரைக்கும் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிறன்று டப்ளினில் எண்பதாயிரம் பேர் முன்னால் ஆடியவர் திங்களன்று பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பார்.

இங்குள்ள கிளப்புக்கும் புனிதர் பெயர்தான்: 'நீவ் கொலும்பா'. டோனகல் 1992-இல் டப்ளினை வீழ்த்தி முதன்முறையாக அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றபோது, நோயல் ஹெகார்ட்டி, ஜான் ஜோ டோஹர்ட்டி ஆகிய இந்தக் கிளப்பின் ஆட்டக்காரர்கள் களத்தில் இருந்தார்கள். ஒரு சின்னப் பள்ளத்தாக்குக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விளக்கத் தேவையில்லை. ஆட்கள் குறைவதால் வயதுப் பிரிவு அணிகளைப் பக்கத்துப் பங்கோடு சேர்ந்து இறக்கும் நிலை இன்று அயர்லாந்துக் கிராமக் கிளப்புகள் பலவற்றுக்கு வந்திருக்கிறது. பள்ளிச் சேர்க்கைப் புள்ளிவிவரத்தைவிட அதுதான் ஊரை அதிகம் கலங்க வைக்கிறது.

சாவு வீட்டில் என்ன நடக்கும்?

டோனகலில் இறந்தவரை இன்னும் வீட்டில்தான் வைக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு இரவு. உள்ளூர் வானொலி மரண அறிவிப்புகளை நேரம் குறித்து வாசிக்கும். அந்த நேரத்தில் அடுக்களையில் யாரும் பேசக் கூடாது. இப்போது இணையத்திலும் பார்க்கிறார்கள். அறிவிப்பு வந்த ஒரு மணி நேரத்துக்குள் அக்கம்பக்கத்தார் நாற்காலி, கோப்பை, பெரிய தேநீர்ப் பானை எல்லாம் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். சாண்ட்விச் தட்டுகள் தானாக வரும். வீட்டுக்காரர் எதையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு பேர் ஒளிரும் சட்டை மாட்டிக்கொண்டு சந்தில் நின்று கார்களை ஒழுங்குபடுத்துவார்கள்.

வருகிறவர்கள் வரிசையாகப் போய்க் குடும்பத்தாரின் கையைப் பிடித்து, "உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன்" என்று சொல்வார்கள். அவ்வளவே. புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சவப்பெட்டி அருகே சற்று நின்றுவிட்டுத் தேநீர் குடித்து, இறந்தவரைப் பற்றி நல்ல கதை ஒன்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். இரவில் செபமாலை. குழி வெட்டுவது பல இடங்களில் அண்டை வீட்டாரின் கடமை. அதற்குக் கூலி கொடுத்தால் அவமானம்.

2020-இல் கொரோனாக் கட்டுப்பாடு வந்து கூட்டம் தடைபட்டபோது, மக்கள் தங்கள் வீட்டு வாசலிலும் சாலையோரத்திலும் இடைவெளி விட்டு நின்று சவ ஊர்தியை வழியனுப்பினார்கள்.

கரி வெட்டுவது இன்னும் உண்டா?

உண்டு. சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த தாவரக் கழிவுதான் கரி மண். ஏப்ரல், மே மாதங்களில் நீள் செங்கல் வடிவில் வெட்டிப் பரப்புவார்கள். மேற்புறம் காய்ந்ததும் நாலைந்தாக நிறுத்திச் சாய்த்து வைப்பார்கள், காற்று உள்ளே புகும்படி. குனிந்தபடியே செய்யும் இந்த வேலை நாள் முழுக்க நீளும். பிள்ளைகளை இழுத்து வருவதும், அவர்கள் முனகுவதும் பரம்பரை வழக்கம். நன்றாகக் காய்ந்தால் ஆகஸ்டில் வீட்டுக்கு. மழை விடவில்லையென்றால் ஆண்டு முழுக்க ஈரக் கரியின் புகை.

முன்பு பத்து வீட்டார் சேர்ந்து ஒருநாள் இவருக்கு, மறுநாள் அவருக்கு என்று வெட்டினார்கள். இந்த முறைக்கு 'மெஹல்' என்று பெயர். இப்போது பெரும்பாலும் இயந்திரம் வெட்டுகிறது. நிறுத்தி வைப்பது மட்டும் கையால். காற்று மாசைக் காரணம் காட்டி 2022 அக்டோபர் இறுதி முதல் கரியைக் கடைகளில் விற்க அரசு தடை விதித்தது. வெட்டும் உரிமை உள்ளவர்கள் தங்கள் தேவைக்கு வெட்டிக்கொள்ளலாம். சதுப்பு நிலம் கார்பனைப் பிடித்து வைக்கிறது என்பது உண்மை. எண்ணெய்க் கணப்புக்குப் பணமில்லாத முதியவர் கையில் அந்த உண்மையை மட்டும் கொடுத்துவிட்டுப் போக முடியாது என்பதும் உண்மை.

தேவாலயத்தின் செல்வாக்கு இன்று எப்படி?

வெகுவாக இறங்கிவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் அயர்லாந்துக் கத்தோலிக்கர்களில் பத்தில் ஒன்பது பேர் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குப் போனார்கள். கத்தோலிக்கர் என்று பதிவு செய்துகொண்டவர்கள் 2016 கணக்கெடுப்பில் 79 விழுக்காடு, 2022-இல் 69. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைகளையும், அவற்றைத் திருச்சபை மூடி மறைத்ததையும் 2009-இல் வெளியான அரசு விசாரணை அறிக்கைகள் அம்பலப்படுத்தின. கிளென் இருக்கும் ராஃபோ மறைமாவட்டத்தை (ஓர் ஆயரின் கீழ் வரும் பல பங்குகளின் தொகுப்பு) பற்றிய 2011 ஆய்வறிக்கையும் கடுமையாகவே இருந்தது. அந்தக் காயம் ஆறிவிட்டதாகச் சொல்பவர்கள் பாதிக்கப்பட்டவர்களிடம் கேட்டுச் சொல்வதில்லை.

புதிய பாதிரியார்கள் வருவதும் அருகிவிட்டது. பல மறைமாவட்டங்களில் ஒருவரே இரண்டு மூன்று பங்குகளைக் கவனிக்கிறார். ஆனாலும் முதல் நன்மை (குழந்தைகள் முதன்முறை நற்கருணை பெறும் சடங்கு), கலியாணம், அடக்கம் என்றால் கோயில் நிறையும். பக்தி குறைந்தாலும் பங்கு என்ற எல்லை குலையவில்லை.

என் முன்னோர்கள் இப்படி ஒரு பங்கிலிருந்து போனவர்கள். ஆவணங்களை எங்கே தேடுவது?

1922 உள்நாட்டுப் போரில் டப்ளின் பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 19-ஆம் நூற்றாண்டுக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி முன்பே அழிக்கப்பட்டோ அதில் எரிந்தோ போயின. அதனால் எல்லாம் போயிற்று என்று விட்டுவிட வேண்டாம். 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுமையாகக் கிடைக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசம். கத்தோலிக்கத் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளை 2015-இல் அயர்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் திறந்துவிட்டது; அவை சுமார் 1880 வரை. மேற்கு டோனகலில் பல பங்குகளின் பதிவேடுகள் தாமதமாகவே தொடங்குகின்றன. அந்த இடைவெளிக்கு 1847 முதல் 1864 வரை எடுத்த கிரிஃபித் நில மதிப்பீடு உதவும். எந்த டவுன்லேண்டில் எந்தக் குடும்பத் தலைவர் எவ்வளவு நிலம் வைத்திருந்தார் என்பது அதில் இருக்கிறது. பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் எல்லாச் சமயத்தாருக்கும் அரசு பதியத் தொடங்கியது 1864-இல்.

இவற்றோடு, 1937–39-இல் தொடக்கப் பள்ளி மாணவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய நாட்டாரியல் நோட்டுகளும் இணையத்தில் இருக்கின்றன. ஊர்க் கிணறு, பேய்க் கதை, வைத்தியம், பஞ்ச காலச் சம்பவம் எல்லாம் பள்ளிப் பிள்ளையின் கையெழுத்தில் கிடைக்கும். பெயர் தேடப் போய் இரவெல்லாம் அதில் உட்கார்ந்துவிட்டவர்கள் உண்டு.

நேரில் போக வேண்டுமானால்?

டோனகலில் ரயில் கிடையாது. மாவட்டத்துக்குள் ஓடிய குறும்பாதை ரயில்களில் கடைசியாக எஞ்சியதை 1959-இன் கடைசி நாளில் மூடிவிட்டார்கள். டப்ளினிலிருந்து காரில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டோனகல் நகரிலிருந்து கில்லிபெக்ஸ் மீன்பிடித் துறைமுகம் வழியாகப் பஸ் உண்டு, ஆனால் நாளைக்குச் சிலவே. திரும்பும் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். துராஸின் சில நிலைகள் தனியார் வயல்களில் இருக்கின்றன. ஆடு மேயும் வயல் என்றால் நாயைக் கூட்டிப் போகக் கூடாது. நுழையும்போது மூடியிருந்த கேட்டை மூடிவிட்டுப் போக வேண்டும், திறந்திருந்ததைத் திறந்தபடியே விட வேண்டும். எதிரே வரும் கார்க்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கினால் அது வணக்கம். நீங்களும் ஒரு விரலைத் தூக்கினால் போதும்.